கடைசி பைட் எங்கே போனது?

2024 மார்ச் 4, திங்கள்

காலை ஒன்பதரைக்கு மில்லிலிருந்து எலக்ட்ரீசியன் கூப்பிட்டார். "ஏனுங்க சார், சனிக்கிழமை பாக்ஸ்ல புதுசா ஏதோ ஏத்துனீங்கல்ல, அதுலருந்து ஒரு மீட்டர்கூட ரீடிங் காட்டலைங்க." அங்கே 24 எனர்ஜி மீட்டர்கள். எல்லாம் ஆர்எஸ்-485 என்ற தொடர்பு முறையில் ஒரே ஜோடிக் கம்பியில் இருக்கின்றன. ரீடிங் சேகரிக்கும் எங்கள் பெட்டி ஒவ்வொன்றாக மோட்பஸ் என்ற கேள்வி-பதில் முறையில் கேட்கும், அது பதில் சொல்லும். மூன்று வருடமாகக் குறையில்லாமல் ஓடிய ஏற்பாடு.

சனிக்கிழமை மாற்றியது ஒன்றுதான்: பெட்டியின் இயங்குதள மையமான லினக்ஸ் கெர்னல் 5.10 போய் 6.1 வந்தது. பழைய கெர்னலைத் திரும்ப ஏற்றச் சொன்னேன். பத்து நிமிடத்தில் 24 மீட்டரும் பேசின. அப்படியானால் ரெக்ரெஷன்தான், அதாவது முன்பு ஓடியது புதுப் பதிப்பில் உடைந்திருக்கிறது. நேற்று வரை ஓடியதை உடைக்கக் கூடாது என்பது லினக்ஸை உருவாக்கிய டோர்வால்ட்ஸ் வருடக்கணக்காகப் பிடிவாதமாகச் சொல்லிவரும் விதி. அதில் எனக்கு முழு உடன்பாடு. மில்காரர் கெர்னலை வாங்கவில்லை, ரீடிங்கைத்தான் வாங்கினார்.

மார்ச் 5, செவ்வாய்

என் மேசையில் அதே மாடல் பெட்டி, அதே மாடல் மீட்டர். கோளாறு உடனே வந்துவிட்டது, நல்லவேளை. காலை முழுக்கக் கம்பியோடு போயிற்று. ஏ, பி என்ற இரண்டு கம்பியும் மாறியிருக்கிறதா, இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கிறதா என்று பார்த்தேன். எல்லாம் சரி. மதியம், சிக்னல் ஏறி இறங்குவதைப் படமாகக் காட்டும் லாஜிக் அனலைசரை மாட்டினேன். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

ஆர்எஸ்-485 ஜோடியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். பேசும் முன் ஆர்டிஎஸ் சிக்னலை உயர்த்தி கம்பியில் அனுப்பவும் வாங்கவும் செய்யும் டிரான்ஸ்சீவரை அனுப்பும் பக்கம் திருப்புகிறோம். பேசி முடித்ததும் இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பதில் வர வழியில்லை. எங்கள் கேள்வி மொத்தம் 8 பைட், அதில் கடைசி இரண்டும் பிழை சரிபார்க்கும் சிஆர்சி. விநாடிக்கு 9600 பிட் வேகத்தில் ஸ்டார்ட், ஸ்டாப் சேர்த்து ஒரு பைட்டுக்கு 10 பிட். அதற்கு 1.04 மில்லிசெகண்ட் ஆகும்.

சிப்பின் டிஎக்ஸ் என்ற அனுப்பும் காலில் எட்டு பைட்டும் அழகாக வருகின்றன. வெளிக் கம்பியில் ஏழுதான் இருக்கின்றன! எட்டாவது பைட் தொடங்கியதுமே ஆர்டிஎஸ் இறங்கிவிடுகிறது. சிஆர்சி பாதியில் வெட்டுப்பட்ட கேள்விக்கு மீட்டர் பதில் சொல்லாமல் இருப்பதுதான் மோட்பஸ் முறை. மீட்டர்மேல் ஒரு குற்றமும் இல்லை.

இது எந்த வகைப் பிழை என்பது படத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எங்கள் போர்டில் இருப்பது 8250 வம்சத்து யுஆர்ட், பைட்டுகளைப் பிட் பிட்டாக அனுப்பும் சுற்று. 1981-இல் வந்த முதல் ஐபிஎம் பிசி காலத்து ரெஜிஸ்டர் அமைப்பு இன்றைய சிப்பிலும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அதன் நிலையைச் சொல்லும் லைன் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில் ஐந்தாம் பிட், ஆறாம் பிட் என்று இரண்டு. ஐந்தாம் பிட் எழுந்தால், அனுப்பக் காத்திருக்கும் பைட்டுகளின் வரிசையான ஃபைஃபோ காலி. ஆறாம் பிட் எழுந்தால்தான் பைட்டை வெளியே தள்ளும் ஷிப்ட் ரெஜிஸ்டரும் காலி, அதாவது கடைசி பைட்டும் வெளியே போய்விட்டது. இரண்டுக்கும் நடுவே ஒரு பைட் நேரம் இருக்கிறது. ரேஷன் கடையில் வரிசை தீர்ந்துவிட்டது என்று ஷட்டரை இறக்கினால், தராசில் அரிசி நிறுத்துக்கொண்டிருக்கும் கடைசி ஆள் என்ன செய்வார்? எங்கள் கெர்னல் ஐந்தாம் பிட்டைப் பார்த்து ஷட்டரை இறக்குகிறது.

மார்ச் 6, புதன்

ஆர்டிஎஸ் இறங்கும் இடத்தில் கன்சோலில் செய்தி எழுதும் பிரிண்ட்கே ஒன்று போட்டேன். மீட்டர் பதில் சொன்னது. எடுத்தேன், பதில் இல்லை. மறுபடி போட்டேன், பதில் வந்தது.

ஒரு மணிநேரம் எழுந்து நடந்த பிறகுதான் கணக்குப் போடத் தோன்றியது. எங்கள் கன்சோல் 115200 வேகம். 80 எழுத்து வரி ஒன்று வெளியே போக ஏறக்குறைய 7 மில்லிசெகண்ட் ஆகும். எங்களுடையது ஒற்றைக் கோர் புராசசர், கன்சோலில் எழுதும்போது, சிப் புராசசரைக் கூப்பிடும் சிக்னலான இன்டரப்ட் வேறு அணைந்திருக்கும். அந்த 7 மில்லிசெகண்டில் கடைசி பைட் நிதானமாக வெளியேறிவிடுகிறது, அப்புறம்தான் ஆர்டிஎஸ் இறங்குகிறது. பிழையைக் காட்ட வந்த செய்தியே பிழையை மறைத்துவிட்டது. இனி இந்த வேலையில் பிரிண்ட்கே கிடையாது, அனலைசர் மட்டும்தான்.

மார்ச் 7, வியாழன்

எல்லாருக்கும் பொதுவான மெயின்லைன் 6.1-இன் மேல் எங்கள் சொந்த பேட்ச்கள், அதாவது புரோகிராம் மாற்றங்கள், 212 இருக்கின்றன. பாதி பாதியாகப் பிரித்து உடைத்த பேட்சைத் தேடும் கிட் பைசெக்டில் எட்டுச் சுற்றுக்குள் முடிய வேண்டும். வெறும் 6.1 நல்லது, எங்கள் மரத்தின் நுனி கெட்டது என்று சொல்லித் தொடங்கினேன். மீட்டர் பதில் சொன்னால் நல்லது, இல்லாவிட்டால் கெட்டது.

எல்லாச் சுற்றும் கெட்டது. கடைசியில் அது கைகாட்டிய பேட்ச் மரத்தின் அடியில் இருக்கும் முதல் பேட்ச். முன்பக்க எல்இடியின் நிறத்தை, வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீயில் மாற்றுகிற மூன்று வரி. எல்இடிக்கும் ஆர்டிஎஸ்ஸுக்கும் என்ன உறவு? வெறும் 6.1 நல்லது என்று நான் சொன்னேனே தவிர, அதை ஓட்டிப் பார்க்கவேயில்லை. பைசெக்ட் நாம் கொடுக்கும் இரண்டு முனைகளையும் அப்படியே நம்புகிற கருவி.

மார்ச் 8, வெள்ளி

இன்று சிவராத்திரி. வீட்டில் எல்லாரும் கோயிலுக்குப் போய்விட்டார்கள். நான் இங்கே கண்விழித்தேன்.

வெறும் 6.1-ஐ ஏற்றினேன். மீட்டர் பதில் சொல்லவில்லை. ஆனால் அனலைசரில் படம் வேறு! எட்டு பைட்டும் முழுதாகக் கம்பியில் போகின்றன, அதற்குப் பிறகு ஆர்டிஎஸ் இறங்கவே இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மௌனம்தான். உள்ளே ஒன்றில் சிக்னல் முந்திவிடுகிறது, மற்றதில் அசையாமல் நிற்கிறது.

பைசெக்டில் நல்லது, கெட்டது என்ற சொற்களுக்குப் பதிலாக நாமே பெயர் வைத்துக்கொள்ளலாம். பழையதற்கு 'நிற்கிறது', புதியதற்கு 'முந்துகிறது' என்று வைத்து மறுபடி தொடங்கினேன். இந்த முறை மீட்டரைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஆர்டிஎஸ்ஸை மட்டும் பார்த்தேன். ஒவ்வொரு சுற்றுக்கும் கம்பைல், பூட், நூறு கேள்வி. நிற்கிறது, நிற்கிறது, முந்துகிறது, நிற்கிறது... விடியற்காலை மூன்றே காலுக்கு எட்டாவது சுற்று முடிந்தது. எங்கள் ஆர்எஸ்-485 பேட்சேதான் குற்றவாளி. 5.10-இல் மூன்று வருடம் ஒழுங்காக ஓடிய அதே பேட்ச்.

மார்ச் 11, திங்கள்

இரண்டு நாள் தூங்கி எழுந்து படித்ததால் தெளிவாகப் புரிந்தது.

எங்கள் சிப் ஆறாம் பிட்டை எழுப்பும், ஆனால் அதற்கு இன்டரப்ட் தராது. 5.10-இன் 8250 டிரைவர், அனுப்புவதை நிறுத்தும் இடத்தில் இரண்டு பிட்டையும் ஒரே நிபந்தனையில் பார்க்கும். இரண்டும் எழவில்லையென்றால் திரும்பிப் போய்விடும். பிறகு யாராவது மறுபடி கூப்பிட வேண்டும், எங்கள் சிப்பில் கூப்பிட ஆளில்லை. அதனால்தான் வெறும் கெர்னலில் ஆர்டிஎஸ் நின்றுபோகிறது. எங்கள் பழைய பேட்ச் அந்த நிபந்தனைக்குள் ஒரு சின்ன டைமரை வைத்து, கொஞ்சம் பொறுத்து மறுபடி பார்க்கும்.

6.1-இல் அந்த ஒரு நிபந்தனை இரண்டாகப் பிரிந்திருக்கிறது. முதலில் ஐந்தாம் பிட், தனியாகப் பிறகு ஆறாம் பிட். பேட்சைப் புதுக் கெர்னலுக்கு நகர்த்தும்போது வரிகள் பொருந்தாமல் அங்கே கான்ஃப்ளிக்ட் வந்திருக்கிறது. அதைத் தீர்த்த கை முதல் நிபந்தனையை வைத்துக்கொண்டு இரண்டாவதை நீக்கிவிட்டது. கம்பைல் ஆகும், வார்னிங் வராது, படிக்கவும் இயல்பாகவே இருக்கும். அந்தக் கை என்னுடையது. டிசம்பரில் ஒரே நாளில் நாற்பது கான்ஃப்ளிக்ட் தீர்த்தேன், அதில் இது ஒன்று.

இன்னொன்றும் கண்ணில் பட்டது, மனசுக்கு அவ்வளவு இதமாக இருந்தது. ஆறாம் பிட்டுக்கு இன்டரப்ட் தராத சிப்களுக்கென்றே 6.1-இல் நோடெம்ட் என்று ஒரு கொடி இருக்கிறது. அதை ஏற்றினால் டிரைவர் ஒரு பைட் நேரத்தைக் கணக்கிட்டு, அதோடு ஏழில் ஒரு பங்கைச் சேர்த்துக் காத்திருந்து ஆர்டிஎஸ்ஸை இறக்கும். ஏழில் ஒரு பங்கு எதற்கு? ஸ்டாப் பிட் போய்க்கொண்டிருக்கும்போதே ஐந்தாம் பிட் எழுந்துவிடுகிறது போலிருக்கிறது, அதனால் தோராயமாக ஒரு பிட் கூடுதல் என்று அங்கேயே கமென்ட் எழுதியிருக்கிறார்கள். யாரோ எங்கோ இதே அனலைசர் படத்தைப் பார்த்து இதே மாதிரி விழித்திருக்கிறார்கள்.

மார்ச் 12, செவ்வாய்

எங்கள் பேட்சை முழுதாக எடுத்துவிட்டேன். 41 வரி போய், கொடியை ஏற்றும் ஒரு வரி வந்தது. மாற்றத்தோடு பதியும் கமிட் செய்தியில் எந்தப் பேட்ச் உடைத்தது, ஏன், எந்த வேகத்தில் என்ன தெரியும் என்று எல்லாவற்றையும் எழுதினேன். புரோகிராம் வரியைவிட நீளம். இருக்கட்டும், அடுத்த முறை கான்ஃப்ளிக்ட் தீர்ப்பவருக்கு உதவும்.

அளந்து பார்த்தேன். 9600-இல் ஃபைஃபோ காலியானதிலிருந்து 1.2 மில்லிசெகண்டில் ஆர்டிஎஸ் இறங்குகிறது. மோட்பஸில் மீட்டர் பேசத் தொடங்குமுன் மூன்றரை எழுத்து நேரம், அதாவது 3.6 மில்லிசெகண்டுக்கு மேல், அமைதி இருக்க வேண்டும். தாராளமாக இடம் இருக்கிறது. 2400, 19200, 115200 மூன்றிலும் பார்த்தேன். கன்சோல் செய்தியை அணைத்தும் பார்த்தேன், வெள்ளமாக ஓடவிட்டும் பார்த்தேன். இரவு முழுக்க ஓட விட்டிருக்கிறேன்.

மார்ச் 14, வியாழன்

மில்லுக்கு நேரில் போனேன். ஏற்றியதும் எலக்ட்ரீசியன் டிஸ்ப்ளே முன்னால் நின்று ஒவ்வொரு மீட்டராக எண்ணினார். "இருபத்து நாலும் வந்துருச்சுங்க" என்றார். அப்புறம் டீ வாங்கித் தந்தார்.

திரும்பி வந்ததும் எங்கள் சோதனை மேசைக்குப் போனேன். அங்கே டிஎக்ஸையும் வாங்கும் காலான ஆர்எக்ஸையும் சேர்த்துக் கட்டிய ஒரு துண்டுக் கம்பியில்தான் இத்தனை நாளும் சீரியல் போர்ட்டைச் சோதித்துக்கொண்டிருந்தோம். அனுப்பியது அப்படியே திரும்பி வரும், ஆர்டிஎஸ் எப்போது இறங்கினாலும் அதற்குத் தெரியாது. 6.1 இந்தச் சோதனையில் நூற்றுக்கு நூறு வாங்கியிருந்தது. கம்பியை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் டிரான்ஸ்சீவரும் நிஜ மீட்டர் ஒன்றும் வைத்திருக்கிறேன், 9600-இல்.