மாதக் கடைசி வாரத்துச் சமையல்

மாதத்தின் கடைசி வாரத்தில் எங்கள் வீட்டுச் சமையலைத் தாங்கிப் பிடிப்பது கொள்ளுதான். இரவில் ஊறவைத்த ஓர் ஆழாக்குக் கொள்ளைக் காலையில் குக்கரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துப் புளி, மிளகு, சீரகம், பூண்டு சேர்த்து ரசமாக்கிவிட்டு, வெந்த கொள்ளில் பாதியைத் தேங்காய், வற்றல் மிளகாயோடு துவையலாக அரைத்து, மீதியைச் சுண்டலாகத் தாளித்துவிட்டால், நால்வருக்கு மதிய உணவும் மாலைச் சிற்றுண்டியும் முடிந்துவிடும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைப்பது நல்லது. வயிற்று உப்புசம் குறையும்.

நியாயவிலைக் கடையில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோ துவரம்பருப்பை மாதம் முழுவதும் ஓட்டுவதற்காக, சாம்பாரில் பருப்பைக் குறைத்துப் பரங்கிக்காயைக் கூட்டுவது என் மாமியார் கற்றுத்தந்த வழக்கம். காய் குழைந்து சாம்பாருக்குக் கெட்டித்தன்மை கொடுத்துவிடுவதால், சாப்பிடுபவர்களுக்கு வேறுபாடு தெரிவதில்லை. அங்கே விலையின்றி வழங்கப்படும் புழுங்கல் அரிசியைச் சோறாக உண்ண மறுக்கும் என் பிள்ளைகள், அதே அரிசியில் வார்த்த இட்லியைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள் (இந்த உண்மையை அவர்களிடம் நான் இன்னும் சொல்லவில்லை).

கீரைக்குச் செலவே இல்லை. அடுத்த வீட்டு அக்கா மதிலுக்கு மேலே நீட்டும் முருங்கைக் கீரையைப் பாசிப்பருப்போடு பொரியல் செய்து, இறக்கியபின் அரை மூடி எலுமிச்சையைப் பிழிந்துவிடுகிறேன். கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதற்கு அந்தப் புளிப்பிலுள்ள வைட்டமின் சி துணைசெய்கிறது. மீன் வாங்கும் நாளில் வஞ்சிரத்தைத் திரும்பிப் பார்க்காமல் மத்தியையே வாங்குகிறேன். குழம்புக்கு அதன் ருசி எதிலும் வராது என்பது என் கட்சி.