மானைத் துரத்தாதீர்கள்

உயிரியல் பூங்காவில் புள்ளிமான் பெருகினால் வேறு பூங்காவுக்கு மாற்ற வேண்டிவரலாம். அனுமதி மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் தரும். மானை லாரியில் ஏற்றுவதுதான் பெரிய வேலை.

வலையோடு துரத்திப் பிடித்தால் மான் அங்கேயே விழாமல் போகலாம். இரண்டு மூன்று நாள் கழித்துக்கூட சாகும். பயத்தில் ஓடி உடல் சூடேறி, தசை சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் பிழைப்பது கடினம். பார்க்கவே மனசு தாங்காது.

இதற்கு 'போமா' முறைதான் சரி, தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. புனல்போல் குறுகும் அடைப்பு கட்டி, வெளியே தெரியாதபடி பக்கங்களைத் துணியால் மூடி, தீவனத்தை உள்ளேயே வையுங்கள். சில வாரத்தில் தானாக வந்து மேயும். பிறகு கதவை மூடி, சரிவுப்பாதை வழியாக நேராக லாரிக்குள் அனுப்பலாம். கை படவே வேண்டாம்.

கிடா மான்களைக் கொம்பு உதிர்ந்த பின் ஏற்றுங்கள். முற்றிய கொம்பு மற்றதைக் குத்தும், தோல் மூடிய இளங்கொம்பு அடிபட்டால் ரத்தம் கொட்டும். லாரித் தரையில் வைக்கோல் பரப்புங்கள், வழுக்கினால் கால் முறியும். வெயில் தாழ்ந்து கிளம்புங்கள். போன இடத்தில் 30 நாள் தனிமை, சாணப் பரிசோதனை. அதன்பிறகே மந்தையோடு விடுங்கள்.