காலேஜ்வில்லின் சனிக்கிழமைகள்

என் மனைவிக்குச் செயின்ட் கிளவுட் நகரில் வேலை கிடைத்ததால், 2003ஆம் ஆண்டு கோடையின் முடிவில் நாங்கள் மினசோட்டா மாநிலத்தின் நடுப்பகுதியில் உள்ள செயின்ட் ஜோசப் என்ற சிற்றூரில் குடியேறினோம். ஜெர்மானிய வழிவந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் தலைமுறைகளாகப் பால் பண்ணை நடத்திவரும் வட்டாரம் அது. அக்கம்பக்கத்தார் அன்பானவர்கள்தாம், ஆனால் வெயிலையும் மழையையும் பற்றி இரண்டு வார்த்தை பேசியதும் அடுத்து என்ன பேசுவது என்று அவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அந்தத் தயக்கத்தைப் போக்கியது செப்டம்பரில் தொடங்கிய அமெரிக்கக் கால்பந்துப் பருவம்; பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் ஆட்டம் அது. பண்ணை வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு வெள்ளிக்கிழமை மாலை கதவைத் தட்டி, மறுநாள் காலேஜ்வில்லில் ஆட்டம் இருப்பதாகவும், பையனையும் அழைத்துக்கொண்டு தங்களோடு வர வேண்டும் என்றும் சொன்னார்.

காலேஜ்வில் எங்கள் ஊருக்கு மேற்கே சில மைல் தூரத்தில் இருக்கிறது. பெனடிக்டின் துறவிகள் 1857இல் நிறுவிய செயின்ட் ஜான்ஸ் கல்வி நிலையம் காட்டுக்கும் ஏரிகளுக்கும் நடுவே அமைந்துள்ளது. மார்செல் பிராயர் வடிவமைத்த தேவாலயத்தின் மணிகள் தொங்கும் பிரம்மாண்டமான கான்கிரீட் சுவர் தூரத்திலேயே கண்ணில் படும். கிளெமென்ஸ் விளையாட்டரங்கம் இயற்கையான ஒரு பள்ளத்தில், சுற்றிலும் மரங்கள் சூழ இருக்கிறது. அக்டோபரில் அந்த மரங்கள் சிவப்பும் மஞ்சளுமாக மாறுவதைக் காண்பதற்காகவே போகலாம்.

ஆட்டத்தின் விதிகளைப் பெரியவர்தான் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள் உண்டு. அவற்றுக்குள் 10 யார்டு முன்னேறினால் மீண்டும் நான்கு வாய்ப்புகள் கிடைக்கும், முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். இதைப் பிடித்துக்கொண்ட பிறகு, வெறும் மோதலாகத் தெரிந்தது கணக்கும் தந்திரமும் நிறைந்த ஆட்டமாகத் தெரியத் தொடங்கியது. என் மகன் எனக்கு முன்பே அதைப் புரிந்துகொண்டான்.

செயின்ட் ஜான்ஸ், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் டிவிஷன் 3 பிரிவைச் சேர்ந்த கல்லூரி. இந்தப் பிரிவில் விளையாட்டுக்காக உதவித்தொகை தரக் கூடாது என்பது விதி. தொலைக்காட்சியில் நாடு முழுவதும் பார்க்கும் பெரிய பல்கலைக்கழக அணிகளுக்கும் இவர்களுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. நாளை ஆசிரியராகவும் கணக்காளராகவும் ஆகப்போகிற இளைஞர்கள், ஆட்டத்துக்காக எந்த உதவித்தொகையும் பெறாமல், விருப்பம் ஒன்றுக்காகவே ஆடுகிறார்கள். ஆட விரும்பி வந்த எவரையும் அணியிலிருந்து விலக்குவதில்லை என்பது அங்கிருந்த வழக்கம். உள்ளூர் ஆட்டங்களில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் சீருடையில் அணிவகுத்து நிற்பார்கள். அவர்களில் பலர் களத்தில் இறங்காமலே பருவம் முடிந்துவிடும் என்றாலும், அவர்களுடைய பெற்றோரும் தாத்தா பாட்டியும் தவறாமல் வந்து அமர்ந்திருப்பார்கள்.

இந்த வழக்கங்களை உருவாக்கியவர் பயிற்சியாளர் ஜான் கலியார்டி. கொலராடோ மாநிலத்தில் 1926இல் பிறந்த அவர், தன் பள்ளி அணியின் பயிற்சியாளர் இரண்டாம் உலகப் போருக்கு அழைக்கப்பட்டபோது, 16 வயதிலேயே அந்தப் பொறுப்பை ஏற்றவர். செயின்ட் ஜான்ஸுக்கு 1953இல் வந்தார். அவருடைய பயிற்சியில் விசில் கிடையாது, திட்டுதல் கிடையாது, ஒருவரை ஒருவர் மோதி வீழ்த்துவது அறவே கிடையாது. மாணவர்கள் அவரைப் பெயர் சொல்லி ஜான் என்றே அழைக்க வேண்டும். புல்தரையில் படுத்து, இன்று எவ்வளவு நல்ல நாள் என்று பக்கத்தில் இருப்பவனிடம் சொல்வதும் பயிற்சியின் ஒரு பகுதியாக இருந்தது. நான் படித்த பள்ளியில் விசிலும் பிரம்பும் இல்லாத உடற்பயிற்சி ஆசிரியரை ஒருநாளும் கண்டதில்லை. வாரம் முழுவதும் யாரையும் காயப்படுத்தாமல் ஆயத்தமாகும் ஓர் அணி சனிக்கிழமை தோறும் வெல்வதைப் பார்த்தபோது, என் மகனை வளர்க்கும் முறையைப் பற்றியே நான் யோசிக்கத் தொடங்கினேன்.

அந்தப் பருவம் தொடங்கியபோது கலியார்டியின் வெற்றிகள் 400. லூயிசியானாவின் கிராம்பிளிங் ஸ்டேட் அணியை அரை நூற்றாண்டுக்கும் மேல் வழிநடத்திய எடி ராபின்சனின் 408 வெற்றிகளே அதுவரை கல்லூரிக் கால்பந்தின் உச்சம். அக்டோபர் முழுவதும் மளிகைக் கடையிலும், மகனின் பள்ளி வாசலிலும், என் மனைவி பணிபுரிந்த இடத்திலும் இந்த எண்ணிக்கையே பேச்சாக இருந்தது; எங்களுக்கும் சொல்வதற்கு ஏதோ ஒன்று இருந்தது. நவம்பர் 8ஆம் நாள் பெத்தேல் அணியை வென்று அவர் 409ஐத் தொட்டபோது, பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்தப் பள்ளத்தில் திரண்டிருந்தார்கள். பெரியவரின் மனைவி கொடுத்த கம்பளிக் காலுறையும் கனத்த போர்வையும் இல்லாமல் அந்தக் குளிரில் நாங்கள் உட்கார்ந்திருக்க முடியாது. வாகன நிறுத்துமிடத்தில் அவர்கள் சுட்ட சாசேஜுக்குப் பக்கத்தில் எங்கள் மசால் வடையும் இடம்பிடித்தது. அடுத்த ஆட்டத்திற்கு அதையே கேட்டார்கள்.

டிவிஷன் 3 பிரிவின் தேசிய இறுதி ஆட்டமான ஸ்டாக் கிண்ணம் டிசம்பரில் வர்ஜீனியாவின் சேலம் நகரில் நடந்தது. எதிரணி ஒஹாயோவின் மவுண்ட் யூனியன். தொடர்ந்து 55 ஆட்டங்களில் தோல்வியே காணாத அணி. பெரியவர் வீட்டு வரவேற்பறையில் நெருக்கியடித்து அமர்ந்து பார்த்தோம். மவுண்ட் யூனியன் எறிந்த பந்தைத் தன் எல்லைக்கோட்டருகே பறித்த செயின்ட் ஜான்ஸ் வீரர் களத்தின் முழு நீளமும் ஓடிப் புள்ளி சேர்த்தபோது அந்த வீட்டில் யாரும் இருக்கையில் இல்லை. 24-6 என்ற கணக்கில் வெற்றி; ஆடிய 14 ஆட்டங்களிலும் தோல்வியே இல்லை.

கலியார்டி 2012இல் 489 வெற்றிகளோடு ஓய்வு பெற்று, 2018இல் மறைந்தார். நாங்கள் இன்னமும் போய்க்கொண்டிருக்கிறோம். என் மனதில் இருக்கும் ஒரே குறை, செயின்ட் தாமஸ் அணியுடனான ஆட்டம் இல்லாமல் போனதுதான். இந்த இரு கத்தோலிக்கக் கல்லூரிகளின் போட்டி நூறாண்டைத் தாண்டியது. 2017இல் மினியாபொலிஸ் நகரின் டார்கெட் ஃபீல்டில் அவை மோதியபோது 37,355 பேர் வந்தார்கள். மற்றக் கல்லூரிகளை விட மிகப் பெரிதாக வளர்ந்துவிட்டது என்ற காரணத்தால் செயின்ட் தாமஸை, இரண்டும் ஆடிவந்த கல்லூரிக் கூட்டமைப்பிலிருந்து விலக்க 2019இல் முடிவாயிற்று. 2021இல் அது பெரிய பல்கலைக்கழகங்கள் ஆடும் டிவிஷன் 1க்குப் போய்விட்டது. அந்த முடிவு தவறு என்றே நானும் பெரியவரும் கருதினோம், இன்றும் கருதுகிறோம்.