பாதாளக் கரண்டிக்கு ஒரு பாதாளக் கரண்டி

முதல்லேயே சொல்லிடுறேன், வாளி கிடைச்சிருச்சு. "வாளி என்னாச்சு அண்ணி"ன்னு ஃபோன் போட்டுச் சிரிக்கிற என் நாத்தனார் உட்பட எல்லாரும் இத்தோட நிறுத்திக்கலாம்.

செவ்வாய்க்கிழமை காலையில மோட்டார் காயில் எரிஞ்சுபோச்சு. மெக்கானிக் வந்தாரு, மூடியைக் கழட்டினாரு, மோந்து பாத்தாரு, "போச்சுக்கா"ன்னாரு. மோட்டாரைத் தூக்கி வண்டியில வச்சுக்கிட்டு "நாளைக்குத் தந்துடுறேன்"னு கிளம்பிட்டாரு. மெக்கானிக் சொல்ற நாளைக்கு எந்த நாளைக்குன்னு உங்களுக்கே தெரியும்.

சரி, நமக்கென்ன, கிணறு இருக்கு, ராட்டினம் இருக்கு, கரண்ட் போற நாள்ல இறைக்கிற தேங்காநார்க் கயிறு இருக்கு. அந்த ராட்டினத்தைப் பத்தி நான் புலம்பாத ஆள் கிடையாது. பாதி இழுக்கும்போது 'டக்'னு ஒரு சத்தம் வரும். நான் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்து 15 வருஷம், அந்த டக்குக்கும் 15 வருஷம். தேங்காண்ணெய் விட்டேன், தையல் மெஷின் எண்ணெய் விட்டேன், ஒரு தடவை கோவத்துல விளக்கெண்ணெய்கூட ஊத்தினேன். ராட்டினம் பளபளன்னு ஆச்சு. டக் போகலை.

வாளியை இறக்கினா அந்தரத்துல தொங்குது. சித்திரை வெயில்ல தண்ணி அவ்வளவு கீழ போயிருச்சு. வாளிக்கும் தண்ணிக்கும் நடுவுல ரெண்டு ஆள் நிக்கலாம். இவர் கடைத்தெருவுக்குப் போய் நீலக் கலர்ல 30 அடி நைலான் கயிறு வாங்கிட்டு வந்தாரு. பழைய கயிறு என் கட்டைவிரல் தடிமன், புதுசு சுண்டுவிரல்ல பாதி.

"ரெண்டும் ஒரே தடிமன் இல்லையே..."ன்னு இவர் ஆரம்பிச்சாரு.

நான் எதுவும் பேசலை. உள்ள போய் பீரோ மேல இருந்த ஃபைலை எடுத்து, சர்டிபிகேட்டைக் காட்டினேன். சாரணியர் படை, மாவட்ட அளவு முடிச்சுப் போட்டி, ரெண்டாம் பரிசு. லேமினேட் பண்ணினது. முதல் பரிசு வாங்கினவ கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டுக் கட்டினா, நான் கண்ணை மூடிக்கிட்டே கட்டினேன்ங்கிற வழக்கு தனி. வலது மேல இடது, இடது மேல வலது. ரீஃப் நாட். சாரணர் உலகச் சின்னத்துலயே சுத்தி ஒரு கயிறு போட்டு அடியில கட்டியிருக்கிறது இந்த முடிச்சுதான். சின்னத்துல இருக்கிறது கிணத்துல நிக்காதா?

அத்தை திண்ணையில உக்காந்து வெத்தலைக்குக் காம்பு கிள்ளிக்கிட்டு இருந்தாங்க. சர்டிபிகேட்டை வாங்கி, தலைகீழா பாத்து, திருப்பிக் குடுத்தாங்க. ஒண்ணும் சொல்லலை.

வாளி இறங்குச்சு. ரொம்புச்சு. இழுத்தோம். டக் வந்துச்சு, அது எப்பவும் வர்றதுதான். அப்புறம் நம்ம முடிச்சு மேல வந்து ராட்டினத்துக்குள்ள சிக்குச்சு. இவர் ஒரு வெட்டு வெட்டி இழுத்தாரு. அடுத்த நொடி நான் துவைக்கிற கல்லுல உக்காந்திருக்கேன், கையில தேங்காநார்க் கயிறு. கீழே 'தொபுக்'.

எட்டிப் பாத்தா வாளியைக் காணோம். ஆனா நீலக் கயிறோட நுனி மட்டும் தண்ணி மேல தண்ணிப்பாம்பு மாதிரி நெளியுது. பெரியவன் பத்தாவதுக்குப் போறான்ல, உடனே, "அம்மா, இது நைலானே இல்ல. நைலான் மூழ்கிடும். இது பாலிப்ரோப்பிலீன், அதான் மிதக்குது"ன்னான். வாளி போன சோகத்துல நிக்கிறவகிட்ட அடர்த்தி எண் சொல்றான். கடைக்காரர்லேருந்து கடலுக்குப் போறவர் வரைக்கும் எல்லாரும் நைலான் கயிறுன்னுதானே சொல்றோம், அது என்னவா இருந்தா எனக்கென்ன?

நுனி மிதக்குதுன்னா வேலை சுலபம். ஒரு பாதாளக் கரண்டி போட்டா கொக்கியில மாட்டிடும். எங்க தெருவுல அது எதிர்வீட்டுப் பெரியம்மாகிட்ட மட்டும்தான் இருக்கு. அவங்க மாமியார் காலத்துது, பத்துப் பன்னெண்டு கொக்கியோட கொத்தா இருக்கும். அதை இரவல் வாங்குறதும் பொண்ணு கேக்குறதும் ஒண்ணு. யாரு வீட்டுக்கு, எதுக்கு, எப்பத் திரும்பும், போன தடவை கொக்கியை வளைச்சது யாரு, எல்லாம் கேட்டு முடிச்சுதான் குடுத்தாங்க. "கயித்தை நல்லாக் கட்டு"ன்னு வேற சொன்னாங்க. எனக்குச் சுருக்குன்னுச்சு.

இந்தத் தடவை மாடியில இருந்த கொடிக்கயித்தை அவுத்து இணைச்சேன். ஒண்ணு போட்டா நழுவுதா, மேல மேல மூணு போட்டேன். மூணு முடிச்சுல கல்யாணமே நிக்குது, கரண்டி நிக்காதா?

நிக்கலை.

அன்னிக்கு ராத்திரி எங்க வீட்டுல யாரும் தூங்கலை. தப்பு எங்கேன்னு தெரியாம எனக்குத் தூக்கம் வருமா? பாவாடை நாடா, ஷூ லேஸ், சணல், பெரியவனோட பட்டத்து நூல், எல்லாத்தையும் அள்ளி ஹால்ல போட்டேன். மாடிப்படிக் கம்பியில 10 கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டு ஒவ்வொரு முடிச்சா சோதனை. பெரியவன் செல்லுல படிச்சுச் சொல்றான், நான் கட்டுறேன், இவர் பையைப் பிடிக்கிறாரு.

முதல்லயே அடி. முடிச்சுகளுக்குன்னே 1944ல தடியா ஒரு புத்தகம் போட்ட ஆஷ்லிங்கிற அமெரிக்கர், 3,800க்கு மேல எண் போட்டு எழுதினவர், என் ரீஃப் நாட்டைப் பத்தி என்ன சொல்லியிருக்காருன்னா, ரெண்டு கயித்தை இணைக்க இதைப் போட்டதால போன உயிரும் உடைஞ்ச எலும்பும் மத்த எல்லா முடிச்சும் சேர்ந்து பண்ணினதைவிட அதிகமா இருக்கும்னு. இது பொட்டலம் கட்ட, காயத்துக்குத் துணி சுத்த, பாயைச் சுருட்டிக் கட்ட. அடியில ஏதாவது ஒண்ணு இருக்கணும், அதுமேல இது சப்பையா படுத்துக்கும். அந்தரத்துல ரெண்டு கயித்துக்கு நடுவுல விட்டு ஒரு நுனியைச் சுண்டினா, ஒரு கயிறு நேரா நிமிர்ந்துக்கும், இன்னொண்ணு அதுமேல வளையமா உருவிக்கிட்டு ஓடிடும். பாவாடை நாடாவுல செஞ்சு பாத்தேன். நிஜமாவே ஓடுது. எங்க சாரணிய டீச்சர் கட்டுப்போடத்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க. ரெண்டாம் பரிசுக்காரி கிணத்துல கட்டிட்டா.

இதையே ரெண்டு தடவையும் ஒரே பக்கமா போட்டா அதுக்கு இங்கிலீஷ்காரன் 'கிரானி நாட்'னு பேர் வச்சிருக்கான். பாட்டி முடிச்சாம். தப்பா விழுந்ததுக்குப் பாட்டி பேரு! அமெரிக்காவுல எம்.ஐ.டி.யில இழுத்தா நிறம் மாறுற இழையை வச்சுக் கட்டிப் பாத்து, 2020ல எழுதியிருக்காங்களாம். கயிறு எதிரெதிர்ப் பக்கமா முறுக்கிக்கிட்டா ஒண்ணையொண்ணு பூட்டிக்குது, ஒரே பக்கமா முறுக்கினா உருண்டு நழுவிடுது. அதனால பாட்டி முடிச்சு ரீஃப் நாட்டைவிட மட்டம். மட்டத்துக்கு மேல மட்டமாவது இருக்கேன்னு கொஞ்சம் ஆறுதல்.

அடுத்து மீனவர் முடிச்சு. ஒரு கயித்தால இன்னொண்ணைச் சுத்தி ஒரு முடிச்சு, அதால இதைச் சுத்தி ஒரு முடிச்சு, ரெண்டையும் இழுத்தா ஒட்டிக்கும். இவர் அதை இரட்டைச் சுத்தா, மலையேறுறவங்க போடுற மாதிரி, என் புது நைட்டி நாடாவுல போட்டாரு. அருமையா நின்னுச்சு. இன்னும் நிக்குது. திருப்புளி, கொசுவலை ஊசி, பல்லு எல்லாம் பாத்தாச்சு, அவுக்க முடியலை. கத்திரிக்கோல்தான்.

1978ல லண்டன் 'டைம்ஸ்' முதல் பக்கத்துல ஒரு முடிச்சு செய்தியா வந்திருக்குங்க. ஹன்டர்ங்கிற டாக்டர் புது முடிச்சு கண்டுபிடிச்சுட்டாருன்னு. அப்புறம் பாத்தா, அதை ஃபில் ஸ்மித்னு ஒரு அமெரிக்கர் 1950கள்லயே எழுதி வச்சிட்டாரு. ஆனா அந்தக் கூத்துலதான் முடிச்சுக்காரங்க ஒண்ணு கூடி 1982ல சங்கமே ஆரம்பிச்சிருக்காங்க. ரெண்டு வளையத்தைக் கோத்து நுனியை உள்ள விட்டு எடுக்கணும். எனக்கு நாலு தடவையும் நுனி வெளியவே நின்னுச்சு. மணி ஒண்ணரை ஆயிருச்சு.

கடைசியா ஷீட் பெண்ட். தடிக் கயித்தைக் கொண்டை ஊசி மாதிரி மடிச்சுப் பிடிக்கணும். மெல்லிசு அந்த மடிப்புக்குள்ள கீழேருந்து வந்து, பின்னாடியா ரெண்டையும் சுத்தி, தன் அடியிலேயே தானே நுழைஞ்சுக்கணும். தடிமன் வேற வேறயா இருக்கிற கயித்துக்கு இதுதான் ஏத்ததாம். அரிசிப் பை ஆடாம நின்னுச்சு. ஒரே குறை, கனம் இல்லாதப்ப ஆட்டிவிட்டா தளருது. கிணத்துல வாளி தண்ணியைத் தொடுற ஒவ்வொரு தடவையும் கயிறு தளரும்ல? பெரியவன் கீழே படிச்சுட்டு, "அம்மா, இதுக்கு இன்னொரு பேரு வீவர்ஸ் நாட். நெசவாளர் முடிச்சு. அறுந்த இழையை இணைக்கப் போடுறது"ன்னான்.

நாங்க இருக்கிற தெருவுல விடிஞ்சா தறிச் சத்தம்தான் அலாரம். நான் லண்டனைச் சுத்தி அமெரிக்காவைச் சுத்தி எதிர்வீட்டுத் தறிக்கு வந்து சேர்ந்திருக்கேன்.

காலையில எதைக் கட்டுறதுக்காகவோ தேங்காநார்க் கயித்தை முழுசா உருவி முத்தத்துல போட்டேன். நடுவுல ஒரு இடத்துல பெருசா ஒரு புடைப்பு. பாசி புடிச்சுக் கறுத்து, மேல நூல் நெருக்கமா சுத்தியிருக்கு. நகத்தால கீறிப் பாத்தேன். மடிப்பு, சுத்து, நுழைவு. ராத்திரி பாத்த அதே முடிச்சு. ரெண்டு நுனியையும் கயித்தோட சேத்துத் தறி நூலால வரிஞ்சு கட்டியிருக்கு, தளராம இருக்க.

15 வருஷ டக். ராட்டினத்துல ஒரு குறையும் இல்லை. எண்ணெயெல்லாம் வேஸ்ட்.

எனக்குத் தொண்டையெல்லாம் அடைச்சிருச்சு. மாமா போட்டிருப்பாங்க, போயி ஆறு வருஷமாச்சு, அவங்க கை இன்னும் நம்ம வீட்டுத் தண்ணியைத் தூக்கிக்கிட்டு இருக்குன்னு நெனைச்சு, கண்ணைத் துடைச்சுக்கிட்டு அத்தைகிட்ட கொண்டுபோய்க் காட்டினேன்.

"உங்க மாமாவா? அவருக்கு வேட்டியே இடுப்புல நிக்காது. அது நான் போட்டது."

"நீங்களா அத்தை?"

"பன்னெண்டு வயசுலேருந்து இழை முடிஞ்ச கை இது. நாளைக்கு எத்தனை அறும், எத்தனை முடிவேன்னு எனக்கே கணக்குத் தெரியாது. நூல்ல போட்டா என்ன, கயித்துல போட்டா என்ன?"

"செவ்வாய்க்கிழமையே சொல்லியிருக்கலாம்ல?"

"நீதான் சர்டிபிகேட் காட்டினியே"ன்னுட்டு வெத்தலையைக் கன்னத்துல ஒதுக்கிக்கிட்டாங்க.

மிச்சம் அரை மணி நேர வேலை. பாதாளக் கரண்டியை எடுக்கப் பாதாளக் கரண்டி வேணுமே, மேலத்தெருவுக்குப் போய் இன்னொண்ணு இரவல். என்ன ஆச்சுன்னு கேட்டவங்களுக்கெல்லாம் இவர் நின்னு நின்னு பதில் சொல்லிட்டு வந்தாரு, அதான் விஷயம் நாத்தனார் வரைக்கும் போயிருச்சு. அத்தை கட்டினாங்க. வழுக்குற கயிறுங்கிறதால சுத்துற இடத்துல ஒண்ணுக்கு ரெண்டு சுத்து. நான் சொல்லலாம்னு வாயைத் திறக்குறதுக்குள்ள போட்டு முடிச்சிட்டாங்க. நீலக் கயிறு மாட்டுச்சு, வாளி வந்துச்சு. பெரியம்மா கரண்டி வந்துச்சு. கூடவே யார் காலத்துதுன்னு தெரியாத ஒரு நசுங்கின சொம்பும் வந்துச்சு. அதுக்கு இப்ப அத்தையும் பெரியம்மாவும் ஆளுக்கொரு பக்கம் உரிமை கொண்டாடுறாங்க, அது தனிப் பதிவு. கரண்டியைத் திருப்பிக் குடுக்கப் போனப்ப பெரியம்மா என் எதிர்லயே கொக்கியை ஒண்ணொண்ணா எண்ணிப் பாத்தாங்க.

வெள்ளிக்கிழமை மோட்டாரும் வந்துருச்சு. சுவிட்ச் போட்டா தண்ணி கொட்டுது. இருந்தாலும் இன்னிக்குக் காலையில சும்மா ஒரு வாளி இறைச்சேன். இப்ப ரெண்டு தடவை வருது, பாதியில ஒரு டக், வாளி மேல வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி இன்னொரு டக்.

எண்ணெய் எடுக்கப் போகலை.