எட்டாம் வேலைநாள் அறிக்கை

6 ஜனவரி 2025, திங்கள்

தணிக்கை, வரி, ஆலோசனை என்று மூன்று தொழில்களையும் சேர்த்து நடத்தும் பெரிய நிறுவனம் எங்களுடையது. பல நகரங்களில் அலுவலகங்கள் இருந்தாலும், மாதாந்தரச் செயல்பாட்டு அறிக்கையைத் தயாரிப்பது கிண்டியில் இருக்கும் எங்கள் எம்.ஐ.எஸ். (மேலாண்மைத் தகவல்) குழுதான். மாதம் முடிந்து எட்டாவது வேலைநாளில் அது பங்குதாரர்களின் (பார்ட்னர்களின்) மின்னஞ்சலுக்குப் போய்ச் சேரும். அறுபதுக்கும் மேற்பட்ட ஸ்லைடுகள் இருக்கும். இந்த ஆண்டு அதைப் பவர் பி.ஐ. என்ற தரவுக் காட்சி மென்பொருளுக்கு மாற்றி, பார்ப்பதற்கு நன்றாக ஆக்கித் தர வேண்டும் என்று எங்கள் தலைமை நிதி அதிகாரி இன்று கேட்டுக்கொண்டார். மாற்றுவதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் ஊருக்கு ஒரு விதமாகக் கணக்கிட்டு எக்செல்லில் அனுப்பப்படும் எண்களைப் புதிய திரையில் ஏற்றினால், அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்பது முன்னைவிட வண்ணமயமாகத் தெரியும், அவ்வளவே. எந்த எண்ணை வைத்து யார் என்ன முடிவு எடுக்கிறார்கள் என்பதை முதலில் பார்த்துவிட்டுத் திரைக்குப் போகலாம் என்றேன். "மார்ச் மாதம் எனக்கு ஏதாவது கையில் வர வேண்டும்" என்று மட்டும் சொல்லி ஒப்புக்கொண்டார்.

9 ஜனவரி, வியாழன்

பங்குதாரர்கள் சிலரிடம் நேரிலும் போனிலும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: கடந்த ஆறு மாதத்தில் இந்த அறிக்கையைப் பார்த்து நீங்கள் எடுத்த முடிவு ஒன்றைச் சொல்ல முடியுமா? தணிக்கைப் பிரிவில் ஒருவர் நீண்ட நேரம் யோசித்துவிட்டு, ஆள் எடுப்பதையெல்லாம் பணி ஒதுக்கீட்டு அட்டவணையைப் பார்த்துத்தான் செய்வதாகச் சொன்னார். வரிப் பிரிவில் மூத்த மேடம் ஒருவர் வசூலைத் துரத்துவதற்குத் தன் செயலாளர் வைத்திருக்கும் தனி எக்செல் போதும் என்றார். அதைத் திறந்தும் காட்டினார். வாடிக்கையாளர் பெயர், பில் எண், யாரிடம் கடைசியாகப் பேசினோம், அவர் என்ன சொன்னார் என்று நான்கே பத்திகள். எங்கள் அறுபது ஸ்லைடுகளில் ஒன்றில்கூட "யாரிடம் பேசினோம்" என்பது கிடையாது. உண்மையான அறிக்கை அந்த எக்செல்தான். நாங்கள் அனுப்புவது அதன் பக்கத்தில் ஓடும் ஊர்வலம்.

எல்லோரும் தவறாமல் திறக்கும் ஸ்லைடு ஒன்று உண்டு. பங்குதாரர்களை வருவாய் வரிசைப்படி அடுக்கும் தரவரிசைப் பட்டியல். அதைப் பார்த்தும் யாரும் எந்த முடிவும் எடுப்பதாகத் தெரியவில்லை. தன் பெயர் எங்கே இருக்கிறது, பக்கத்து அறைக்காரர் பெயர் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள்.

17 ஜனவரி, வெள்ளி

பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போனவர்களில் பாதிப் பேர் இன்னும் திரும்பவில்லை. கூட்டம் எதுவும் இல்லாத நாள் என்பதால் யுடிலைசேஷன் கணக்கைப் பிரித்துப் போட்டேன்.

ஒருவர் வாடிக்கையாளர் வேலையில் பதிவுசெய்த மணிநேரத்தை, அவரிடம் இருந்த மொத்த மணிநேரத்தால் வகுத்தால் வருவது யுடிலைசேஷன். மேலே இருக்கும் எண்ணில் சண்டை இல்லை. கீழே இருக்கும் எண்ணில்தான் ஒவ்வோர் ஊரும் ஒரு வழக்கம் வைத்திருக்கிறது. இந்த ஜனவரியையே எடுத்துக்கொள்ளலாம். சனி, ஞாயிறு போக 23 நாட்கள். நாளுக்கு 8 மணிநேரம் என்றால் 184. புத்தாண்டு நாளையும் 14, 15, 16 ஆகிய மூன்று நாட்களையும் கழித்தால் 19 நாட்கள், 152 மணிநேரம். 120 மணிநேரம் வேலை பதிந்த ஒருவர் முதல் கணக்கில் 65 சதவீதம், இரண்டாவது கணக்கில் 79 சதவீதம். தலைமையகச் சூத்திரம் விடுமுறையைக் கழிப்பதில்லை. பொங்கலுக்கு மூன்று நாள் மூடும் சென்னை அலுவலகம், அத்தனை நாள் மூடாத மற்ற அலுவலகங்களுக்குப் பக்கத்தில் வைக்கப்படும்போது ஒவ்வொரு ஜனவரியிலும் சோம்பேறியாகத் தெரிவதும், ஒவ்வொரு பிப்ரவரியிலும் அதற்கு நாங்கள் விளக்கம் எழுதுவதும் இதனால்தான்.

ஆர்டிகிள்ஸ் பிள்ளைகளின், அதாவது எங்களிடம் பயிற்சி பெறும் பட்டயக் கணக்காளர் (சி.ஏ.) மாணவர்களின், படிப்பு விடுப்பு இன்னொரு சிக்கல். சி.ஏ. இறுதித் தேர்வுக்காக அவர்கள் எடுக்கும் விடுப்பை ஓர் ஊர் கழிக்கிறது, இன்னோர் ஊர் "பயிற்சி" என்று போடுகிறது, மூன்றாவது ஊர் கண்டுகொள்வதே இல்லை.

20 ஜனவரி, திங்கள்

வரையறைகளை ஒரே பக்கத்தில் எழுதி எல்லா ஊர் நிதி மேலாளர்களுக்கும் அனுப்பினேன். அரசு விடுமுறையும் ஒப்புதல் பெற்ற விடுப்பும் கழிக்கப்படும். பயிற்சி கழிக்கப்படாது, ஏனென்றால் பயிற்சிக்கு ஆளை அனுப்புவது நிறுவனத்தின் முடிவு, அதன் விலை கணக்கில் தெரிய வேண்டும். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒருவர் பொறுப்பாளர். அவருக்குத் தெரியாமல் சூத்திரம் மாறக் கூடாது. மாலைக்குள் வந்த பதில்களில் பாதி, "எங்கள் ஊரின் நிலைமை வேறு" என்று தொடங்கின.

24 ஜனவரி, வெள்ளி

எந்த வேலைக்கு எத்தனை மணிநேரம் என்று ஒவ்வொருவரும் பதியும் டைம்ஷீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் தொழில்முறைச் சேவை நிறுவனத்தில் எல்லா எண்களும் கடைசியில் அங்கேதான் போய் நிற்கின்றன. அதை நிரப்புவதோ வெள்ளிக்கிழமை மாலையில், நினைவிலிருந்து, மேலாளர் வாட்ஸாப்பில் மூன்றாவது முறை நினைவூட்டிய பிறகு.

நினைவு பிசகுவது சின்ன விஷயம். ஓர் எண்ணை இலக்காக வைத்தால் அந்த எண்ணே கெட்டுப்போகும் என்று சார்ல்ஸ் குட்ஹார்ட் 1975-இல் பணக் கொள்கையைப் பற்றிச் சொன்னார். டைம்ஷீட்டுக்கு அது அப்படியே பொருந்துகிறது. ஒரு வேலைக்கு 100 மணிநேரம் ஆகிறது, மணிக்கு நிர்ணய மதிப்பு 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மதிப்பு 3 லட்சம். வாடிக்கையாளரோடு பேசி முடித்த கட்டணம் 2 லட்சத்து 10 ஆயிரம். மதிப்பில் இப்படிக் கட்டணமாகக் கிடைக்கும் பங்குதான் ரியலைசேஷன்; இங்கே 70 சதவீதம். இப்போது யுடிலைசேஷன் இலக்கு அழுத்தும் ஓர் உதவியாளர், வேறு எங்கும் பதிய முடியாத 20 மணிநேரத்தை இந்த வேலையின் கணக்குக் குறியீட்டில் தள்ளுகிறார். அவருடைய எண் உயர்ந்துவிடும். இந்த வேலையின் ரியலைசேஷன் 58-க்கு இறங்கிவிடும். மறுபக்கம், ரியலைசேஷன் இலக்கு அழுத்தும் மேலாளர் தன் குழுவிடம், 70 மணிநேரத்துக்கு மேல் எழுத வேண்டாம் என்று வாய்மொழியாகச் சொல்கிறார். அறிக்கையில் 100 சதவீதம். பாராட்டும் வரும். ஆனால் அந்தப் பிள்ளைகள் இரவு பத்து மணிவரை உட்கார்ந்து செய்த 30 மணிநேரம் எந்த இடத்திலும் இல்லை; அடுத்த ஆண்டு அதே வாடிக்கையாளருக்கு 70 மணிநேர வேலை என்று நினைத்து விலை சொல்வோம்.

இரண்டில் எது மோசம் என்று கேட்டால், இரண்டாவது என்பேன். முதல் பொய் அதே மாதத்தில் ரியலைசேஷனில் பிடிபடும். இரண்டாவது பொய் நல்ல செய்தியின் வேடத்தில் வருவதால் அதை யாரும் தேடுவதில்லை. ஆகவே இனி யுடிலைசேஷனைத் தனியாக எந்தப் பக்கத்திலும் காட்டப் போவதில்லை. ரியலைசேஷனோடு சேர்த்து, வேலைவாரியாக மட்டுமே. 95 சதவீதத்துக்கு மேல் ரியலைசேஷன் காட்டும் நிலையான கட்டண வேலைகளை, 60-க்குக் கீழ் இருப்பவற்றோடு சேர்த்து விசாரணைப் பட்டியலில் வைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். மேலாளர்கள் இதை விரும்ப மாட்டார்கள்.

1 பிப்ரவரி, சனி

பட்ஜெட் நாள். வரிப் பிரிவு முழுவதும் அலுவலகத்தில்தான். புதிய முறையில் 12 லட்சம் வரை வருமான வரி இல்லை என்ற அறிவிப்பு வந்ததும் தளமே ஆரவாரித்தது; இரவுக்குள் வாடிக்கையாளர்களுக்கு விளக்கக் குறிப்பு போய்விட்டது. இத்தனை பேர் உழைத்த இந்த நாள் எங்கள் அறிக்கையில் "கட்டணமற்ற நேரம்" என்றே விழும். இதற்கென்று தனிக் கணக்குக் குறியீடு திறக்கச் சொல்லியிருக்கிறேன்.

5 பிப்ரவரி, புதன்

லாக்-அப். செய்த வேலை பணமாகத் திரும்ப எத்தனை நாளாகிறது என்ற கணக்கு. பில் போடாத வேலையின் மதிப்பையும், பில் போட்டு வராத பாக்கியையும் கூட்டி, ஆண்டு வருவாயால் வகுத்து, 365-ஆல் பெருக்க வேண்டும். ஆண்டுக்கு 365 கோடி வருவாய் உள்ள நிறுவனத்தில் 55 கோடி பில் போடாமலும் 80 கோடி வசூலாகாமலும் இருந்தால் லாக்-அப் 135 நாள். எங்கள் அறிக்கையில் இந்த இரண்டும் தனித்தனி ஸ்லைடுகளில், இருபது பக்க இடைவெளியில் இருக்கின்றன. அதனால் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

கூட்டாமல் பார்த்தால் என்ன ஆகிறது என்பதை வரிப் பிரிவு மேடம்தான் புரியவைத்தார். பில் போட்ட மாதத்துக்கு அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் 18 சதவீத ஜி.எஸ்.டி.யைக் கட்டியாக வேண்டும். வாடிக்கையாளர் பணம் தந்தாரா என்பது அரசுக்குப் பொருட்டல்ல. எனவே தாமதமாகத் தரும் வாடிக்கையாளருக்குப் பில் போடாமல் புரோஃபார்மா (பில்லாகக் கணக்கில் வராத முன்குறிப்பு) அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள். பாக்கி நாட்கள் குறைந்து பச்சையாகத் தெரிகின்றன. பில் போடாத வேலை ஏறுகிறது. தலையணையின் ஒரு முனையை அமுக்கினால் மறுமுனை வீங்குகிறது. சேவை முடிந்து 30 நாளுக்குள் பில் போட வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. விதியே என்பதால், இது நிர்வாகக் குறையோடு நிற்கிற விஷயமும் அல்ல.

பாக்கிப் பட்டியலில் இன்னொரு பழைய நோய். 1 லட்ச ரூபாய் கட்டணத்துக்கு 18,000 ஜி.எஸ்.டி. சேர்த்து 1,18,000-க்குப் பில் போகிறது. வாடிக்கையாளர் வருமான வரிச் சட்டத்தின் 194ஜே பிரிவின்படி 10,000 பிடித்துக்கொண்டு 1,08,000 அனுப்புகிறார். மீதி 10,000 எங்கள் டி.டி.எஸ்., அதாவது பணம் தரும்போதே பிடிக்கப்படும் வரி; வரிக் கணக்கில் வர வேண்டியது. ஆனால் எங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் அது தெரியும் வரை சில ஊர்களில் அதைப் பாக்கியிலேயே விட்டுவைக்கிறார்கள். சிலர் தொழில்நுட்பச் சேவை என்று 2 சதவீதம் மட்டும் பிடிக்கிறார்கள். ஜி.எஸ்.டி.யைத் தனியாகக் காட்டியிருந்தால் அதன்மேல் டி.டி.எஸ். பிடிக்க வேண்டாம் என்று நேரடி வரிகள் வாரியம் 2017-லேயே சுற்றறிக்கை விட்டிருந்தும், மொத்தத் தொகையின் மேல் 11,800 பிடிப்பவர்களும் உண்டு. இப்படிச் சேர்ந்த துண்டுத் தொகைகளெல்லாம் "180 நாளுக்கு மேல்" என்ற சிவப்புக் கட்டத்தில் போய்க் குவிகின்றன. உண்மையிலேயே பணம் தராத நான்கைந்து வாடிக்கையாளர்கள் அந்தக் குவியலுக்குள் ஒளிந்துகொள்கிறார்கள். பணம் வந்த அன்றே டி.டி.எஸ்.ஸைத் தனிக் கணக்குக்கு மாற்றிவிட்டு, அதை வரிக் கணக்காளர்கள் துரத்தட்டும் என்று முடிவாகியிருக்கிறது. மூன்றாம் காலாண்டு டி.டி.எஸ். படிவங்களுக்கு ஜனவரி 31 கடைசி நாள் என்பதால், ஒத்துப்பார்க்க இதுவே சரியான வாரம்.

12 பிப்ரவரி, புதன்

அறிக்கையில் எண்களுக்குப் பக்கத்தில் எரியும் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகள் பற்றி. போன மாதத்தைவிட இரண்டு புள்ளி குறைந்தால் மஞ்சள், நான்கு குறைந்தால் சிவப்பு என்பது இப்போதைய விதி. ஒவ்வொரு சிவப்புக்கும் ஒருவர் இரண்டு வரி காரணம் எழுத வேண்டும். இந்தக் காரணங்களைப் படித்தேன்: "பருவகால விளைவு", "வாடிக்கையாளர் தரப்புத் தாமதம்", மறுபடி "பருவகால விளைவு".

வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வால்டர் ஷூஹார்ட் 1924 மே மாதம் வரைந்துகாட்டிய கட்டுப்பாட்டு வரைபடம் இதற்குத்தான் வந்தது: இயல்பான ஏற்ற இறக்கத்தை, காரணம் தேட வேண்டிய மாற்றத்திலிருந்து பிரிப்பது. சராசரியை எடுத்து, அடுத்தடுத்த மாதங்களுக்கு இடையிலான வேறுபாடுகளின் சராசரியை 2.66-ஆல் பெருக்கி மேலும் கீழும் கோடு போட்டால் போதும். எக்செல்லில் பத்து நிமிட வேலை. சென்னை ஆலோசனைப் பிரிவின் எண்களைப் போட்டுப் பார்த்ததில், கோட்டுக்கு வெளியே தெளிவாக விழுந்தது 2023 டிசம்பர் மட்டும்தான். அது மிக்ஜாம் புயல் மாதம். வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் தண்ணீர் வடிய நாள்கணக்கானது. மற்ற மாதங்களுக்கு எழுதப்பட்ட காரணங்களெல்லாம் காரணமே தேவைப்படாத அசைவுகளுக்கு எழுதப்பட்டவை.

தணிக்கைக்கும் வரிக்கும் இதை அப்படியே போட முடியாது. பட்டியலிட்ட நிறுவனங்கள் ஆண்டு முடிவுகளை 60 நாளில் வெளியிட வேண்டியிருப்பதால் ஏப்ரலும் மேயும் தணிக்கையாளர்களுக்கு மூச்சு முட்டும். வரித் தணிக்கை அறிக்கைக்குச் செப்டம்பர் 30. அங்கே சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுவதே நியாயம்.

19 பிப்ரவரி, புதன்

பங்குதாரர் குழுவின் கூட்டம். வரையறைகள் பெரிய எதிர்ப்பில்லாமல் தேறின. சண்டை தரவரிசைப் பட்டியலில்தான். "அது இல்லாவிட்டால் போட்டி உணர்வு போய்விடும்" என்றார் ஆலோசனைப் பிரிவுத் தலைவர். பட்டியலில் பிற சேவைகளை விற்றுத்தந்த தொகைக்கு ஒரு பத்தி உண்டு, தணிக்கைப் பங்குதாரர்களின் பெயருக்கு எதிரேயும். தணிக்கை செய்யும் வாடிக்கையாளருக்குத் தணிக்கை அல்லாத சேவைகளை விற்றதை வைத்து முதன்மைத் தணிக்கைப் பங்குதாரரை மதிப்பிடவோ ஊதியம் தரவோ கூடாது என்பது சர்வதேச நெறிமுறைக் கோட்பாடு. இதை எடுத்துச் சொன்னது நான் அல்ல. இடர் மேலாண்மைப் பங்குதாரர், மிகத் தாழ்ந்த குரலில். அந்தப் பத்தி அந்த நிமிடமே போயிற்று. பட்டியல் மிச்சம் இருக்கிறது. அதை அறிக்கையிலிருந்து எடுத்து, கேட்பவர்களுக்கு மட்டும் காலாண்டுக்கு ஒருமுறை அனுப்புவது என்று சமரசம்.

7 மார்ச், வெள்ளி

பிப்ரவரி மாத அறிக்கை ஐந்தாவது வேலைநாளான இன்று போயிற்று, ஆறு பக்கம். லாக்-அப் முதல் பக்கத்தில், இரண்டு பகுதிகளும் கூட்டியபடி. அதற்குக் கீழே 180 நாள் தாண்டிய உண்மையான பாக்கிகள், பொறுப்பான பங்குதாரர் பெயர், கடைசியாக யாரிடம் பேசினோம் என்ற பத்தி. மேடத்தின் செயலாளர் வைத்திருந்த எக்செல்லின் வடிவம்தான் அது; அவரிடம் அனுமதி கேட்டே எடுத்துக்கொண்டேன். கடைசிப் பக்கத்தில் இந்த மாதம் முடிவு கேட்கும் விஷயங்கள் மூன்று. இரண்டு நாள் மிச்சமானதற்குக் காரணம் பவர் பி.ஐ. அல்ல, ஊர்களிலிருந்து எக்செல் வரக் காத்திருப்பது நின்றதுதான். மூன்றாவது நாள் ஸ்லைடுகள் குறைந்ததால் வந்தது. ஓர் ஊர் மட்டும் இன்னும் தன் பழைய கணக்கைத் தனியாக அனுப்பிக்கொண்டிருக்கிறது.

மாலைக் கூட்டத்தில் பழைய பாக்கிகளில் இரண்டுக்கு அங்கேயே முடிவு எடுத்தார்கள்: ஒன்றைத் தள்ளுபடி செய்வது, இன்னொன்றில் பணம் வரும் வரை புது வேலை ஏற்பதில்லை. தணிக்கைப் பங்குதாரர் ஒருவர், ஒப்பந்தக் கடிதம் கையெழுத்தாகாமலே மணிநேரம் பதிவாகும் வேலைகளின் பட்டியலையும் சேர்க்க முடியுமா என்று கேட்டார். நல்ல யோசனை. சேர்க்கிறோம் சார், ஆனால் ஆறு பக்கத்தைத் தாண்டப் போவதில்லை என்பதால் எதை எடுக்கலாம் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள் என்றேன். திங்கட்கிழமை சொல்வதாக இருக்கிறார்.