கணக்கு ரீச்சரும் கடைசி வாங்கு நண்பனும்

நமது பழைய மாணவர் சங்க மலருக்கு நினைவுக் கட்டுரை கேட்டதும் துடுப்பாட்டம், இல்ல விளையாட்டுப் போட்டி என்று எழுதப் பலர் இருப்பார்கள். நான் எங்கள் நாலாம் வகுப்புக் கணக்கு ரீச்சரைப் பற்றி எழுதுகிறேன். ரொறன்ரோவில் ஓர் ஆரம்பப் பள்ளியில் வகுப்பறை உதவியாளராக வேலை செய்யும் எனக்கு அடிக்கடி நினைவில் வருபவர் அவர்தான்.

கடைசி வாங்கில் ஒரு நண்பன் இருந்தான். (அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயரை மட்டும் போடாதே என்றான்.) தமிழ்ப் புத்தகத்தில் ஒரு வரியை வாசித்து முடிப்பதற்குள் அவனுக்கு வியர்த்துவிடும். 12ஐ 21 என்று எழுதுவான். 6, 9 இரண்டிலும் தடுமாறுவான். ஏழாம் வாய்ப்பாட்டை இரவிரவாகப் பாடமாக்கினாலும் காலையில் பாதியில் நின்றுவிடும். முந்தின வருடம் முழுக்கப் பிரம்படியும் ‘மொக்கன்’ என்ற பட்டமும்தான் அவனுக்குக் கிடைத்தன. ஆனால் கடையில் மிச்சக் காசை எங்கள் எல்லாரையும் விடக் கெதியாகச் சொல்பவன் அவன். அதைக் கவனித்தவர் ரீச்சர் ஒருவர்தான்.

வசனக் கணக்கை அவனுக்கு அவரே வாசித்துச் சொல்லுவார். “கூடைக்கு 24 மாங்காய், மூண்டு கூடை. பத்து அழுகிப்போச்சு. மிச்சம் எத்தினை?” கேட்ட கையோடு 62 என்பான். “இவனுக்குக் கணக்குத் தெரியும். வாசிக்கத்தான் கஷ்டம்” என்று வகுப்பு முழுக்கக் கேட்கச் சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பட்டத்தை யாரும் வாயில் எடுக்கவில்லை.

சதுர றூள் கொப்பி வாங்கிவரச் சொல்லி, பெட்டிக்கு ஓர் இலக்கமாக எழுதவைத்தார். ஒன்றுகளும் பத்துகளும் இடம் மாறாமல் நின்றன. பத்துப் பத்து ஈர்க்காக வாழைநாரால் கட்டி மேசையில் வைத்திருப்பார். 21 என்றால் இரண்டு கட்டும் ஓர் ஈர்க்கும், 12 என்றால் ஒரு கட்டும் இரண்டு ஈர்க்கும். கையால் எடுத்து வைத்த பிறகுதான் கொப்பியில் எழுதவேண்டும். கூட்டல் குறியும் பெருக்கல் குறியும் குழம்பாமல் இருக்க இரண்டுக்கும் இரண்டு நிறச் சோக்கட்டி. ஏழேழு மறந்துபோனால் ஐயேழு 35, ஈரேழு 14, கூட்டினால் 49 என்று வழி காட்டினார். அப்புறம், வாய்ப்பாட்டுத் தாளை அவனுடைய கொப்பியின் பின்னட்டையில் ஒட்டிப் பார்த்துச் செய்யவும் விட்டார். எங்களுக்கு இருபது கணக்கு என்றால் அவனுக்குப் பத்து. நேரமும் கூட.

புத்தி இருந்தும் எழுத்துகளை வாசிப்பது மட்டும் கஷ்டமாக இருக்கும் இந்த நிலைக்கு டிஸ்லெக்சியா என்று பெயர். அந்தச் சொல் அந்த நாளில் எங்கள் காதில் விழவில்லை. 1896இல் பிரிங்கிள் மோர்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், சாதாரணச் சொற்களைக்கூட வாசிக்க முடியாத 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதினார். அந்தப் பையன் 749ஐ 867ஆல் பெருக்கிச் சரியான விடை சொன்னான்! வாசிப்பு வேறு, கணக்கு வேறு என்பது அப்போதே பதிவாகியிருக்கிறது. டிஸ்லெக்சியா உள்ள எல்லாப் பிள்ளைகளும் அப்படிக் கணக்கில் கெட்டிக்காரராக இருப்பதில்லை என்பதும் உண்மை. வாய்ப்பாட்டை நாம் பெரும்பாலும் ஒலியாகத்தான் மனதில் வைக்கிறோம். ஒலிகளைப் பிடித்துவைப்பது கடினமான பிள்ளைக்கு அது நழுவுகிறது. சோம்பல் என்று அடித்தால் பயம்தான் கூடும்.

ஒன்ராறியோவில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் தனிநபர் கல்வித் திட்டம் எழுதப்படுகிறது. கூடுதல் நேரம், வினாவை வாசித்துக்காட்டல், கட்டம் போட்ட தாள் என்று அதில் எழுதியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் ரீச்சர் முன்னால் நிற்பது போலவே இருக்கும். இங்கும் எல்லாம் சீராக இல்லை. வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைகளைப் பள்ளிகள் கைவிடுகின்றன என்று மாகாண மனித உரிமை ஆணைக்குழு 2022இல் பெரிய அறிக்கையே வெளியிட்டது. சிறு வயதிலேயே எல்லாப் பிள்ளைகளையும் சோதித்துப் பார்க்கவேண்டும் என்பது அதன் முக்கிய பரிந்துரைகளில் ஒன்று.

நண்பன் இப்போது நோர்வேயில் கட்டட வேலைகளை ஒப்பந்தத்துக்கு எடுத்துச் செய்கிறான். செலவுக் கணக்கு முழுக்க மனதில்தான்.

நமது சங்கம் ஊரில் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்கான வகுப்புகளுக்குப் பணம் அனுப்பிவருகிறது. நல்ல காரியம். ஆனால் அந்த வகுப்பு வரும்போது கடைசி வாங்குப் பிள்ளை ஏற்கெனவே மனம் விட்டிருக்கும். அதில் ஒரு பங்கை இரண்டாம், மூன்றாம் வகுப்புகளுக்கு ஒதுக்குவோம். கணக்கை வாசித்துச் சொல்ல ஓர் உதவி ஆசிரியர், சதுர றூள் கொப்பிகள், ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சிப் பட்டறை, இவ்வளவும் போதும் தொடங்க. வரும் பொதுக்கூட்டத்தில் இதை முன்மொழியப்போகிறேன். வழிமொழிய விரும்புபவர்கள் செயலாளரிடம் முன்கூட்டியே பெயர் கொடுங்கள்.