அலையுள்ள பக்கம்

ஜனவரி 6, செவ்வாய்

"ஏட்டி, இந்த ஜன்னல் கம்பிய யாரு வளைச்சது?" அம்மா மறுபடியும் கேட்டாள். யாரும் வளைக்கவில்லை.

ஜனவரி 7, புதன்

லேபுக்கு இன்று இரண்டு குப்பிகள். ஒன்றில் ஈ.ஆர்.எம். என்கிற மேல்சவ்வு, மற்றதில் ஐ.எல்.எம். என்கிற உள் எல்லைச் சவ்வு. இரண்டும் விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலாவின் மேலிருந்து உரித்ததுதான். புதிதாக வந்திருக்கும் பயிற்சிப் பையன் இரண்டையும் 'சவ்வு' என்றே பதிவேட்டில் எழுதிவிட்டான். உட்கார வைத்துச் சொன்னேன். முதலாவது களை. விழித்திரையின் மேல் புதிதாகப் படர்ந்து, தானும் சுருங்கி, அடியில் இருப்பதையும் சேர்த்துச் சுருக்கும். இரண்டாவது அப்படியில்லை தம்பி, அது நிலத்தோடு பிறந்தது. விழித்திரையைத் தாங்கும் மியூலர் செல்களின் அடித்தளச் சவ்வு. டைப் 4 கொலாஜன், லாமினின் என்று புரதங்கள் எல்லாம் சேர்ந்தது. மாக்குலாவில் 2, 3 மைக்ரான்தான் தடிமன். நடுக்குழியில் அதைவிடப் பல மடங்கு மெலிசு.

"அப்போ அதை ஏன் மேடம் உரிக்கறாங்க?"

டீக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டேன்.

ஜனவரி 8, வியாழன்

அம்மாவின் இடது கண் மாக்குலாவில் ஓட்டை. கோடு வளைந்து தெரிகிறதா என்று பார்க்கும் ஆம்ஸ்லர் கட்டத்தை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு நடுப்புள்ளியைப் பாருங்கள் என்றால் "எந்தப் புள்ளி?" என்கிறாள். புள்ளி இருக்க வேண்டிய இடத்தை நோக்கிச் சுற்றியுள்ள கோடெல்லாம் உள்ளே இழுபடுகிறதாம். பொத்தான் வைத்துத் தைத்த மெத்தை மாதிரி என்றாள். பாடப்புத்தகத்தில்கூட இவ்வளவு சரியாக எழுதியிருக்க மாட்டார்கள்.

ஜனவரி 10, சனி

நல்ல நாள். புதன்கிழமை வந்த ஐ.எல்.எம். அழகாக வந்தது. சர்ஜன் உள்ளே விட்ட நீலம் இன்னும் லேசாக ஒட்டியிருந்தது. பிரில்லியன்ட் புளூ ஜி. ஜெல்லில் புரதம் பார்க்க நாங்கள் ஊற்றும் அதே குமாசி நீலம்தான். ஆதியில் கம்பளிக்குச் சாயம் போட வந்தது, கானாவில் உள்ள குமாசி ஊரின் பெயரைச் சுமந்துகொண்டு. கம்பளியிலிருந்து கண்ணுக்குள் வந்துவிட்டது.

இந்தச் சவ்வோடு மல்லுக்கட்டுவதுதான் பாதி வேலை. எடுத்த உடனேயே பாயாகச் சுருண்டுகொள்ளும். நிறமும் கிடையாது. ஆஸ்மியத்தில் கறுத்த பிறகுதான் எங்கே இருக்கிறது என்றே தெரியும். ஒரு மைக்ரான் செக்ஷன் வெட்டி, டொலுயிடின் நீலம் விட்டு, சூட்டுத் தட்டில் ஓரம் காய்ந்து வரும்போது எடுத்துக் கழுவினேன். மைக்ராஸ்கோப்பில் நாற்பது எக்ஸில் வைத்ததும் ரிப்பன் மாதிரி ஓடியது. ஒரு பக்கம் இஸ்திரி போட்டது போலச் சமம், அது கண்ணை நிரப்பும் கூழான விட்ரியஸ் பக்கம். இன்னொரு பக்கம் மேடும் பள்ளமுமாக அலை. அதுதான் விழித்திரைப் பக்கம். சுருளுக்குள் எவ்வளவு முறுக்கிக் கிடந்தாலும் அலையை வைத்துத் திசை சொல்லிவிடலாம்.

ஜனவரி 12, திங்கள்

ஒரு சாம்பிளைத் தொலைத்தேன். பிப்பெட் நுனியில் ஒட்டியிருக்க வேண்டும், அல்லது கழுவிய பஃபரோடு போயிருக்க வேண்டும். டார்ச் அடித்து, கறுப்புத் தாள் வைத்து, ஒன்றரை மணி நேரம் தேடினேன். பதினாறு வருஷத்தில் இது மூன்றாவது. யாரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பால் பொங்கியது அம்மாவுக்குத் தெரிந்தது. பொங்கியதைச் சுற்றி நின்றவர்களின் முகம் தெரியவில்லை. எல்லாரையும் குரலை வைத்தே சமாளித்தாள். சித்தி மட்டும் கண்டுபிடித்துவிட்டாள்.

ஜனவரி 18, ஞாயிறு

தூக்கம் வரவில்லை. அந்தப் பையனின் கேள்வி.

பதில் தெரியாமல் இல்லை. 1991 வரை மாக்குலாவில் ஓட்டை விழுந்தால் விழுந்ததுதான். அந்த வருஷம் அமெரிக்காவில் கெல்லியும் வெண்டலும் விட்ரியஸை எடுத்து, காஸ் நிரப்பி, குப்புறப் படுக்க வைத்துப் பார்த்தார்கள். 52 கண்களில் 30 மூடிக்கொண்டன. பிறகுதான் இந்தச் சவ்வையும் உரித்தால் இன்னும் நன்றாக மூடுகிறது என்று தெரிந்தது. சவ்வு விறைப்பானது, ஓட்டையின் விளிம்பைத் தளர விடாது. அதன்மேல் செல்கள் ஊர்ந்து வந்து உட்கார்ந்து இழுக்கவும் செய்யும். உரித்துவிட்டால் விளிம்பு தளர்ந்து ஒன்றுகூடும். சரி. இதைப் பையனிடம் இரண்டு நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம்.

ஆனால் அலையுள்ள பக்கம்? அந்தப் பள்ளங்களுக்குள் எப்போதும் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும். மியூலர் செல்லின் பாதங்கள். சில நேரம் வெறும் அழுக்குப் போல, சில நேரம் மைட்டோகாண்டிரியா எண்ணுகிற அளவுக்குத் துண்டுதுண்டாக. உரிக்கும்போது அறுந்து வந்தவை. மியூலர் செல்கள் விழித்திரையின் ஒரு கரையிலிருந்து மறுகரைவரை நிற்கிற தூண்கள். வெளிச்சத்தை ஆப்டிகல் ஃபைபர் மாதிரி கீழே கடத்துகின்றன என்று 2007-இல் லைப்சிக்காரர்கள் காட்டினார்கள். அந்தக் குழாயின் வாய்தான் இந்தப் பாதம். இத்தனை வருஷமாக ரிப்போர்ட்டில் என்ன எழுதி வந்தேன்? 'விழித்திரைப் பக்கம் செல் துணுக்குகள் காணப்படுகின்றன.' ஒரே வரி. காப்பி பேஸ்ட்.

உரித்த இடத்தில் நரம்பிழை அடுக்கில் வளைவளைவாகக் கறுப்புக் கோடுகள் விழுவதை 2001-லேயே எழுதிவிட்டார்கள். பார்வைக்குப் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை என்றும் சேர்த்தே எழுதுகிறார்கள். பெரிதாக. மணி இரண்டே கால்.

ஜனவரி 20, செவ்வாய்

டாக்டரிடம் கேட்டேவிட்டேன், உரிக்காமல் செய்ய முடியாதா என்று. விழித்திரையை ஸ்கேன் எடுத்த ஓ.சி.டி. படத்தை என் பக்கம் திருப்பினார். ஓட்டை 430 மைக்ரான். "நானூறைத் தாண்டிவிட்டதே அம்மா, உரிக்காமல் விட்டால் நாளைக்கு நீங்களே என்னைக் கேட்பீர்கள்." அவர் சொன்னது சரிதான். எடுத்ததை லேபுக்கு அனுப்பலாமா என்றார். அம்மா படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். கோட்டுக்கு ஒரு விரல்கடை மேலே.

ஜனவரி 21, புதன்

ஆபரேஷன் முடிந்தது. 50 நிமிடம்.

ஜனவரி 22, வியாழன்

குப்புற. சாப்பாட்டுக்கும் சொட்டு மருந்துக்கும் மட்டும் நிமிர அனுமதி. காஸ் குமிழி மேலே மிதக்கும், முகம் தரையைப் பார்த்தால்தான் அது ஓட்டை மேல் போய் உட்காரும். இதைச் சொன்னதும் "ரசமட்டம் மாதிரி" என்றாள். அப்பா கொத்தனார் வேலைக்குப் போன காலத்து ரசமட்டம். தரையில் உட்கார்ந்து, அவள் முகத்துக்கு நேர் கீழே தட்டை வைத்துக்கொண்டு பேசுகிறேன். டைல்ஸின் அழுக்கெல்லாம் எனக்கு மனப்பாடம்.

அண்ணன் போன் செய்தான். கொஞ்ச நாள் அவனோடு டெல்லியில் இருக்கட்டும், டிக்கெட் போடட்டுமா என்கிறான். காஸ் உள்ளே இருக்கும்போது விமானமா! மேலே போகப் போகக் குமிழி விரியும், கண் அழுத்தம் எகிறும். நான் கத்திவிட்டேன். கத்தியிருக்க வேண்டாம்.

ஜனவரி 24, சனி

குப்பி ஃப்ரிட்ஜில் இருக்கிறது. பெயர் கிடையாது, எண் மட்டும். பையன் செய்கிறேன் என்றான். வேண்டாம் என்றேன்.

ஜனவரி 25, ஞாயிறு

கழுத்து வலி. அம்மாவுக்கு இல்லை, எனக்கு.

ஜனவரி 28, புதன்

ஆஸ்மியம் முடிந்து ரெசினில் போட்டாயிற்று. 60 டிகிரி அவனில் இரண்டு நாள். கறுப்புப் புள்ளி பிளாக்கின் நுனியில் கடுகு உடைத்தது போல. தொலையவில்லை.

பிப்ரவரி 2, திங்கள்

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தாள். கண்ணுக்குள் தண்ணீர்க் கோடு ஒன்று ஆடுகிறதாம், கோட்டுக்கு மேலே தெளிவு, கீழே கலங்கல். கோடு தினமும் இறங்குகிறது. கம்பியைப் பற்றி நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. படத்தில் ஓட்டை மூடிவிட்டது. எவ்வளவு தெரியும் என்பது மாதக் கணக்கில்தான் தெரியும்.

பிப்ரவரி 4, புதன்

பிளாக்கைச் சீவினேன். வைரக் கத்தி. முதலில் பொன் நிறத்தில் வந்தது, இன்னும் மெலிசாக வைத்தேன், வெள்ளி வந்தது. தொட்டித் தண்ணீரில் மூன்று செக்ஷன் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்தன. செம்புக் கிரிட்டில் தூக்கி, வடிகட்டித் தாளில் ஓரம் ஒற்றி, பெட்டியில் வைத்தேன். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் நாளை 11 மணிக்குக் கிடைக்கிறது.

வீட்டுக்கு வர லேட். எட்டு மணிச் சொட்டு மருந்தை ஒன்பதுக்குத்தான் போட்டேன்.